ஜோர்தான் பாலையில் உமையா மாளிகைகள்

கி.பி. 661 முதல் 750 வரை டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட உமையா கலீபாக்கள் நகரங்களோடு நின்றுவிடவில்லை. இன்றைய ஜோர்தான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் வறண்ட விளிம்புகளில் மாளிகைகளையும் குளியல் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் நீர்த்தேக்கங்களையும் எழுப்பினார்கள். அவற்றில் ஹல்லாபாத், அஸ்ரக், அம்ரா, கரானா ஆகிய நான்கும் ஜோர்தானின் தலைநகர் அம்மானுக்குக் கிழக்கே ஒரே சுற்றுப்பாதையில் அமைந்துள்ளன. காலையில் அம்மானிலிருந்து புறப்பட்டால் மாலைக்குள் நான்கையும் பார்த்துத் திரும்பலாம்.

கோபுரமும் மதிலுமாகத் தோன்றுவதால் இவற்றைக் கோட்டைகள் என்றே உலகம் அழைத்துப் பழகிவிட்டது. ஆனால் பெரும்பாலானவை போருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பாலை வாழ்வின் மீது ஆட்சியாளர்களுக்கு இருந்த ஏக்கமே காரணம் என்றனர் முதல் தலைமுறை ஆய்வாளர்கள். பாசனத்தை நம்பிய பண்ணைகளின் நடுவே எழுந்த மாளிகைகள் இவை என்பது பின்னர் வந்த பிரெஞ்சு அறிஞர் ஜான் சோவாஷேயின் விளக்கம். மூன்றாவது விளக்கம் அரசியல் சார்ந்தது. உமையாக்களின் படைபலம் சிரியப் பகுதியின் அரபுக் குலங்களை நம்பியிருந்தது. அரச மரபை நிறுவிய முஆவியாவே கல்பு குலத்தில் பெண் எடுத்தவர். அவருக்கு அடுத்து ஆட்சிக்கு வந்த யஸீத் அந்தப் பெண்ணின் மகன். இத்தகைய உறவு தளராமல் இருக்க, குலத்தலைவர்களை அவர்களுடைய நிலத்திலேயே சந்தித்து விருந்தளித்துக் கௌரவிக்க இடங்கள் தேவைப்பட்டன. கட்டடத்துக்குக் கட்டடம் நோக்கம் வேறுபட்டாலும், இந்த மூன்றாவது விளக்கமே பலவற்றுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

அம்மானுக்கு வடகிழக்கே உள்ள ஹல்லாபாத் முதலில் ஒரு ரோமானியக் காவல் கோட்டை. பைசாந்தியப் பேரரசர் அனஸ்தாசியுஸின் (491–518) ஆணை பொறிக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டுத் துண்டுகள் இங்கே கட்டுமானக் கற்களாகவே பயன்பட்டிருக்கின்றன. உமையாக்கள் பழைய கோட்டையை மாளிகையாக்கி, தரையில் வண்ணக்கல் பதித்து, பக்கத்தில் ஒரு பள்ளிவாசலும் கட்டினார்கள். சில கிலோமீட்டர் தொலைவில் அதற்குரிய குளியல் இல்லமான ஹம்மாம் அஸ்ஸராஹ் நிற்கிறது.

அஸ்ரக்கின் கோட்டை முழுக்க எரிமலைக் கருங்கல்லால் ஆனது. அதன் கதவுகளும் கல்தான். ரோமானியர் தொடங்கிய இடத்தை உமையாக்கள் பயன்படுத்தினர். இன்றைய உருவம் 1237-இல் அய்யூபிய ஆட்சிக் காலத்தில் செய்யப்பட்ட புதுப்பிப்பு. 1917-18 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸ் இங்கே தங்கியிருந்தார். பயணிகளுக்கு முதலில் சொல்லப்படுவது இந்தக் கதைதான். ஆயினும் இத்தனை அரசுகளை இங்கே ஈர்த்தது தண்ணீர்: பெரும் வறட்சி நிலத்தின் நடுவே ஊற்றுகளும் சதுப்பு நிலமும் அமைந்த சோலை இது. நகரங்களுக்காக அளவு மீறி நீர் எடுக்கப்பட்டதால் 1990-களின் தொடக்கத்தில் அந்த ஊற்றுகள் வற்றின. பல நூற்றாண்டுகள் தாங்கிய நீர்வளம் ஒரு தலைமுறைக்குள் அழிந்தது பேரிழப்பு.

அஸ்ரக்கிலிருந்து அம்மானுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது குஸைர் அம்ரா. அளவில் சிறியது, மூன்று வளைகூரைகள் கொண்ட ஒரு கூடமும், அதை ஒட்டி மூன்று குளியல் அறைகளும் மட்டுமே. வெளியே ஆழ்கிணறு. செக்கு மாட்டைப் போல விலங்கு ஒன்று வட்டமாகச் சுற்றி நடக்க, அந்த விசையில் நீர் மேலேறித் தொட்டிக்குப் போனது. சூடான குளியல் அறைகளின் தரைக்கடியில் சூட்டுக்காற்று பரவும்படி ரோமானிய முறை அப்படியே கையாளப்பட்டது.

உள்ளே சுவரும் கூரையும் ஓவியமயம். வேட்டை நாய்கள் காட்டுக்கழுதைகளைத் துரத்துகின்றன, பெண்கள் நீராடுகிறார்கள், ஒரு கரடி நரம்பிசைக் கருவி மீட்டுகிறது. ஒரு வளைகூரையில் கல் உடைப்பவர், தச்சர், கொல்லர், கல் சுமக்கும் ஒட்டகம் எனக் கட்டுமானத் தொழில்கள் கட்டம் கட்டமாக வரையப்பட்டுள்ளன. அரச மாளிகையில் உழைப்பாளிகளுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருப்பது அரிது. வெந்நீர் அறையின் குவிமாடத்தில் விண்மீன் கூட்டங்களும் ராசி மண்டலமும் தீட்டப்பட்டுள்ளன. குவிமாடத்தில் வரையப்பட்ட இரவு வானங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றில் இதுவே மிகப் பழமையானது.

கூடத்தின் மேற்குச் சுவரில் ஆறு மன்னர்கள் நிற்கிறார்கள். கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்ட பெயர்களைக் கொண்டு பைசாந்தியப் பேரரசர், பாரசீகத்தின் கிஸ்ரா, அபிசீனியாவின் நஜாஷி, ஸ்பெயினின் ரோடரிக் ஆகிய நால்வரை அடையாளம் கண்டுள்ளனர். ரோடரிக் 711-இல் முஸ்லிம் படையிடம் தோற்றவர். ஆகவே தோற்றவர்களும் எதிரிகளும் புதிய பேரரசின் முன் நிற்கும் காட்சியாகவோ, உலக அரசர்களின் வரிசையில் கலீபாவும் சேர்ந்துவிட்டார் என்ற அறிவிப்பாகவோ இதைக் கொள்ளலாம். தொடக்க கால இஸ்லாமியக் கலை உருவங்களை முற்றிலும் தவிர்த்தது என்ற எண்ணத்தை இந்தச் சுவர்கள் பொய்யாக்குகின்றன. பள்ளிவாசலில் உருவம் இல்லை. அரசரின் தனி மாளிகையில் தாராளமாக இருந்தது.

1898-இல் அலோயிஸ் மூசில் என்ற அறிஞர் குஸைர் அம்ராவைப் பார்த்து ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார். 1901-இல் ஓவியர் மீலிஷை அழைத்து வந்து படியெடுக்கச் செய்தார். யுனெஸ்கோ 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டியவர் யார் என்ற நீண்ட விவாதம் 2012-இல் சீரமைப்பின்போது வெளிப்பட்ட எழுத்துகளால் தெளிந்தது: அல்-வலீத் இப்னு யஸீத். 743-இல் கலீபாவாகி மறு ஆண்டே கொல்லப்பட்ட இரண்டாம் வலீத் இவர்தான். ஓவியங்கள் அவர் இளவரசராக இருந்த காலத்தவை.

மேற்கே சற்றுத் தூரத்தில் கரானா. பக்கத்துக்கு 35 மீட்டர் நீளமுள்ள சதுரக் கட்டடம். முற்றத்தைச் சுற்றி இரண்டு தளங்களில் ஏறத்தாழ 60 அறைகள். அம்பு எய்யும் துளைகள் போலத் தெரிபவை வில்லாளிக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. காற்றும் வெளிச்சமும் வருவதற்கானவை அவை. மேல்தள அறை ஒன்றில் யாரோ எழுதிவைத்த வரிகள் ஹிஜ்ரி 92, அதாவது கி.பி. 710 என்ற ஆண்டைத் தருவதால் கட்டடம் அதற்கு முந்தியது. அமைப்பிலும் சுதை வேலையிலும் சாசானியப் பாரசீகத்தின் சாயல் தெளிவு.

750-இல் அப்பாஸியர் உமையாக்களை வீழ்த்தினர். ஆட்சியின் மையம் ஈராக்குக்குப் பெயர்ந்தது, இந்த மாளிகைகளுக்கு இருந்த தேவையும் முடிந்தது. அம்மான் விமான நிலையத்துக்கு அருகே, இரண்டாம் வலீத் காலத்தது என்று பெரும்பாலோர் கருதும் முஷத்தா மாளிகை பாதியிலேயே நின்றுபோனது. அதன் முகப்பில் கொடிகளும் விலங்குகளும் செதுக்கிய கல்வரிசையின் பெரும்பகுதியை உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1903-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அது இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தின் உடைமையாகவே இருக்கிறது.