உல்கு

அயல்நாடு சென்று கோவை விமான நிலையம் வழியே சோமனூர் திரும்பும் நம்மவர், அதிகாரிமுன் பெட்டியைத் திறந்து காட்டுகையில், ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள வழக்கமொன்றைத் தொடர்கின்றனர்.

சுங்கத்திற்குப் பழந்தமிழ் தந்த பெயர் உல்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துக் காவலர் ஓய்வின்றி உல்கு கொள்கின்றனர். இறங்கும் பொதிக்கும் ஏறும் பொதிக்கும் சோழரின் புலி முத்திரை இடுகின்றனர். வள்ளுவரும் உல்கை வேந்தன் பொருளாகவே வகுத்தார் (குறள் 756). பொதிக்கு உடையவனின் குரல் இவ்விரண்டிலும் கேட்கவில்லை.

அக்குரலின் எதிரொலி வியன்னாவில் இருக்கிறது. 1985-இல் வெளியிடப்பட்ட முசிறிப் பாப்பிரசு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம். கடன் வாங்கி வணிகம் செய்தவன், முசிறிச் சரக்கையே ஈடாக வைக்கிறான். அலெக்சாந்திரியாவில் அது முத்திரையுடன் கிடங்கில் அடைபடும். நான்கில் ஒரு பங்கு வரியாகப் போகும். எஞ்சியதில்தான் கடன் தீரவேண்டும். அக்கடல் வணிகத்தின் உரோமக் காசுகள் நமக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரிலும் கிடைத்துள்ளன.

முதலாம் குலோத்துங்கனை (1070–1122) வரலாறு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்கிறது. சுங்கம் கொண்ட மன்னர் பலர். கொண்டதற்காகப் பட்டம் பெற்றவர் எவருமிலர். கடன்பட்டுக் கடல் கடந்தோரின் நினைவே அப்பட்டத்தை இன்றளவும் காத்துவருகிறது என்று நாம் கருதுகிறோம்.