பென்னலாங்கில் மாறியது என்ன?

சிட்னியின் வடபுறநகர்த் தொகுதியான பென்னலாங், 1949 முதல் 2007 வரை லிபரல் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1974 முதல் அங்கே வென்றுவந்த பிரதமர் ஜான் ஹோவர்டை 2007இல் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த லேபர் வேட்பாளர் மேக்சின் மெக்யூ வீழ்த்தினார். பிரபலத்துக்கு விழுந்த வாக்கு என்றார்கள்; 2010இல் முன்னாள் டென்னிஸ் வீரர் ஜான் அலெக்சாண்டர் லிபரல் கட்சிக்காகத் தொகுதியை மீட்டபோது அது சரியென்றே பட்டது. ஆனால் தொகுதியிலுள்ள ஈஸ்ட்வுட் ரயில் நிலையத்தின் ஒருபுறம் சீனக் கடைப்பலகைகள், மறுபுறம் கொரியப் பலகைகள். வாக்காளர்களே மாறிவிட்டிருந்தார்கள்; என் பார்வையில், தலைவர்களின் கதையைவிட இதுவே முக்கியம். 2022இல் வென்ற லேபர் வேட்பாளர் ஜெரோம் லக்சேல் சின்னத்திரைப் புகழ் இல்லாத ரைட் நகரின் முன்னாள் மேயர். எல்லைகள் மாறியதுதான் காரணம் என்று வாதிடவும் இடமில்லை: ஹன்டர்ஸ் ஹில், லேன் கோவ் பகுதிகள் சேர்ந்து, முந்தைய வாக்குகளின் கணக்கில் லிபரல் பக்கம் சாய்ந்துவிட்ட தொகுதியை 2025இல் அவர் முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் தக்கவைத்தார். அன்று நாடெங்கும் லேபர் அலை வீசியது உண்மை. ஆனாலும் இங்கே அதற்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது.