தில்லிக்குப் போகும் இரண்டு குப்பிகள்

விழா மலரில் சங்கத்தின் வரலாறு வருவது வழக்கம். இம்முறை தில்லி ஆய்வகம் ஒன்றின் வரலாறும் இடம்பெறக் காரணம் உண்டு. கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ கபடி ஆடும் பிள்ளை நாளை தேசியப் போட்டிக்குப் போனால், அவர் சிறுநீர் அங்கே போகக்கூடும்.

தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் தில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் இருக்கிறது. 2008இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அங்கீகாரம் கிடைத்தது. இரண்டே ஆண்டில் தில்லியில் காமன்வெல்த் போட்டி. பெண்கள் 100 மீட்டரில் தங்கம் வென்ற நைஜீரியாவின் ஒசயேமி ஒலுடமோலாவின் மாதிரியில் மெத்தில்ஹெக்சேனமைன் என்ற கிளர்ச்சியூட்டி தெரிந்தது, பதக்கம் போயிற்று. போட்டிக்கு முன்பே அதே பொருளால் நம் வீரர்கள் சிலரும் சிக்கியிருந்தார்கள், அதையும் மறைப்பதற்கில்லை.

மாதிரி எடுக்கும்போது வீரர் சிறுநீர் கழிப்பதை அலுவலர் ஒருவர் நேரில் பார்ப்பார். கூச்சமான காரியம்தான். அடுத்தவர் சிறுநீரை ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றிய கெட்டிக்காரர்களால் வந்த வினை அது! குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுவார்கள். ஆய்வகத்துக்கு எண் மட்டுமே போகும், பெயர் போகாது. அங்கே ஒரு கருவி சிறுநீரில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியே பிரிக்கும்; இன்னொன்று மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து மருந்தை அடையாளம் காணும். ‘ஏ’ குப்பியில் அகப்பட்டவர் ‘பி’ குப்பியையும் சோதிக்கக் கேட்கலாம். அதைத் திறக்கும்போது அருகில் நிற்கவும் உரிமை உண்டு.

2019 ஆகஸ்டில் இந்த ஆய்வகத்தின் அங்கீகாரமே நிறுத்திவைக்கப்பட்டது. முறைகள் உலகத் தரத்துக்கு இல்லை என்றது முகமை. நம் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் பயணம் போயின. 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பியது. அந்தத் தண்டனை நல்லதற்கே என்பேன்; ஒரு வீரரின் வாழ்க்கையை முடிக்கும் தாளில் கையெழுத்திடும் இடம் தவறக் கூடாது.

நமக்கு அருகில் இருக்கும் ஆபத்து ஊசியல்ல, சளி மாத்திரை. சிலவற்றில் சூடோஎபெட்ரின் என்ற கிளர்ச்சியூட்டி உண்டு. போட்டியின்போது அது சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். தேநீர் குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அதிலுள்ள காஃபீன் 2004இலேயே தடைப்பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

விளையாடும் பிள்ளைகளே, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். போட்டிக்குப் போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டபின் விழுங்குங்கள்.