வெள்ளாட்டு நெஞ்சு நோயும் எஃப்38 கிருமியும்: ஒரு நூற்றாண்டுத் தேடல்

வெள்ளாடுகளின் தொற்று நுரையீரல், நெஞ்சுறை அழற்சியை மருத்துவ உலகம் முதலில் அறிந்தது 1873-இல், அல்ஜீரியாவில். அதை விவரித்த தோமா, நோய் ஆட்டுக்கு ஆடு தொற்றுவதாக எண்ணவில்லை. திடீரென மாறும் தட்பவெப்பமே காரணம் என்று கருதினார். எட்டு ஆண்டுகளில் அந்தக் கருத்து கவிழ்ந்தது. 1881-இல் துருக்கியிலிருந்து கப்பலில் வந்த அங்கோரா ஆடுகள் வழியே நோய் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குள் புகுந்தது. அங்கு அரசுக் கால்நடை மருத்துவராக இருந்த டங்கன் ஹட்சியன், இது தொற்றுநோய்தான் என்று நிறுவினார். நோய்கண்ட ஆடுகளைக் கொன்றும், நோயுற்ற நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை மற்றவற்றுக்கு ஏற்றியும் அதை அந்நாட்டிலிருந்தே ஒழித்தார். காரணக் கிருமி எதுவென்று யாருக்கும் தெரியாத காலத்தில் கூர்ந்த கவனிப்பை மட்டுமே நம்பிச் செய்த வேலை இது. கால்நடை மருத்துவ வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

ஆய்வகமோ பின்தங்கியது. மாடுகளில் இதையொத்த நோயை உண்டாக்கும் கிருமியை நோக்கார், ரூ ஆகியோர் 1898-இலேயே வளர்த்துக் காட்டியிருந்தனர். செல்சுவரற்ற நுண்ணுயிர்களான மைக்கோபிளாஸ்மா இனத்தில் முதலில் வளர்க்கப்பட்டது அதுதான். வெள்ளாட்டு நோய்க்கும் அதன் உறவுக்கிருமியே காரணமாக இருக்கும் என்று தேடியவர்களுக்கு மைக்கோபிளாஸ்மா மைக்காய்டஸ் கேப்ரி அகப்பட்டது. வளர்ப்பு ஊடகத்தில் எளிதில் வளரும் அக்கிருமியே பல பத்தாண்டுகள் குற்றவாளியாகக் கருதப்பட்டது. நுரையீரலை அதுவும் கெடுக்கும் என்பதால் ஐயத்துக்கு இடம் குறைவாகவே இருந்தது.

ஆனால் பிணப்பரிசோதனை வேறு கதை சொன்னது. அசல் நோயில் பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல்தான் கெடும். அது கல்லீரல்போல் இறுகி, விலாச்சுவரோடு ஒட்டிக்கிடக்கும். நெஞ்சறையைத் திறந்தால் வைக்கோல் நிற நீர் வழியும். மூட்டு, மடி, கண் எல்லாம் பழுதின்றி இருக்கும். ஊடகத்தில் எளிதில் வளர்ந்த கிருமியோ மூட்டுவீக்கம், மடிநோய் ஆகியவற்றையும் சேர்த்தே கொண்டுவரும்.

1976-இல் கென்யாவில் மெக்கோவன், மினெட் ஆகிய இருவரும் இந்த முரண்பாட்டை அவிழ்த்தனர். நோயுற்ற ஆட்டின் நுரையீரலிலிருந்து, மெல்ல வளரும், ஊடகத்தில் மிகுந்த பக்குவம் கேட்கும் ஒரு மைக்கோபிளாஸ்மாவைப் பிரித்து எஃப்38 என்று குறித்தனர். அதைச் செலுத்திய ஆடுகளுக்கு நோய் கண்டது. அவற்றோடு அடைக்கப்பட்ட மற்ற ஆடுகளுக்கும் தொற்றியது. உடன் அடைத்த ஆட்டுக்குப் பரவியதே தீர்க்கமான சான்று. ஹட்சியன் மந்தையில் கண்டதை ஆய்வகம் உறுதிசெய்ய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. 1993-இல் அக்கிருமிக்கு மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம் கேப்ரிநியூமோனியே என்ற முறையான பெயர் கிடைத்தது.

அடையாளம் உறுதியானதும் மற்றவை விரைந்தன. கொல்லப்பட்ட எஃப்38-உடன் சாப்போனின் சேர்த்த தடுப்பூசி கென்யாவில் உருவாயிற்று. 1990-களில் வந்த பிசிஆர் சோதனை, வளர்ப்புக்கு அடங்காத கிருமியையும் மாதிரியிலேயே காட்டிக்கொடுத்தது. அதன்பின் துருக்கியின் திரேஸ், சீனா, தஜிகிஸ்தான் என நோய் உறுதியான நாடுகளின் பட்டியல் நீண்டது. நோய் புதிதாகப் பரவியதால் மட்டும் பட்டியல் நீண்டதாக நான் நினைக்கவில்லை; கண்டுபிடிக்கும் கருவி வந்ததும் பெரிய காரணம்.

புதிதாக நுழைந்த மந்தையில் பத்தில் ஆறு முதல் எட்டு ஆடுகள்வரை சாகக்கூடும். செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின், அந்தச் சுவரே இல்லாத இக்கிருமியிடம் பலிக்காது. டெட்ராசைக்ளின், டைலோசின் போன்றவை தொடக்கத்திலேயே கொடுத்தால் பலன் தரும். மந்தையில் இருமலும் மூச்சிரைப்பும் அடுத்தடுத்துப் பரவி ஆடுகள் சாகும்போது, கால்நடை மருத்துவர்கள் பொதுவான நிமோனியா என்று எழுதிக் கோப்பை மூடிவிடக் கூடாது. நெஞ்சறை நீரையும், கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் விளிம்பிலிருந்து வெட்டிய நுரையீரல் துண்டையும் பனிக்கட்டியில் வைத்து, பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.