மின்கலத்தின் மூப்பு

1924ஆம் ஆண்டு தரைப்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது முதல் உட்லண்ட்ஸ் சிங்கப்பூரின் வடக்கு வாயிலாக விளங்கி வருகிறது. அவ்வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டிச் செல்வது நெடுநாள் வழக்கம். 2024 மார்ச் 19 முதல், காரில் செல்வோர் அதற்கு மாற்றாகக் கைப்பேசியில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைக் காட்டலாம் என்னும் ஏற்பாடு வந்தது. பேட்டரி தளர்ந்த கைப்பேசிக்கு அவ்வசதி இல்லை.

மின்னேற்றம் தங்காத பேட்டரிக்கு, “முற்றும் தீர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்” என்னும் அறிவுரை இன்றும் மக்களிடையே வழங்குகிறது. அதன் பிறப்பு ஆராயத்தக்கது. 1899இல் சுவீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் படைத்தார். தொடக்கக் காலக் கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் அவ்வகையே இடம்பெற்றது. அரைகுறையாகத் தீர்ந்த நிலையிலேயே மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் அது முழுத்திறனைத் தராமற் போவதுண்டு. ஆதலின் அவ்வறிவுரை அன்று பொருந்தியது.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இக்கலத்தில் லித்தியம் அயனிகள் இருமுனைகளுக்கிடையே சென்று மீள்கின்றன. கிராஃபைட் முனையின்மேல் படியும் மெல்லிய படலத்தில் சிறிது சிறிதாக லித்தியம் சிக்கிக்கொள்கிறது. வெப்பம் இதனை விரைவுபடுத்துகிறது.

கலம் என்னும் சொல் பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். மின்கலத்தின் மூப்பு, பாண்டத்து நீர் கசிவதைப் போன்றதன்று. இரு துறைகளுக்கிடையே ஓடும் மரக்கலங்கள் ஒவ்வொன்றாய்க் குறைவதைப் போன்றது. குறைந்தவை மீள்வதில்லை. எனவே முற்றும் தீர்த்து மின்னேற்றுவது இதற்கு மருந்தாகாது, வீண்சுமையே ஆகும்.

பழுதைத் தேடுவோர் மின்னேற்றியையும் கம்பியையும் முதலில் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அடுத்து, மின்னை மிகுதியாக உண்ணும் செயலி எதுவெனக் காணுதல் வேண்டும். அதன்பின் அமைப்புப் பகுதியில் பேட்டரியின் கொள்ளளவை நோக்கலாம். அது எண்பது விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கியிருப்பின் புதியது மாற்றுவதே தக்கது. வீங்கிய பேட்டரியை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும். அதை அழுத்துதலும் துளைத்தலும் தீப்பற்ற வழிசெய்யும்.

ஓய்ந்த கலமும் குப்பையன்று. 2020இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரஞ்சுப் பழத்தோலைக் கொண்டு பழைய பேட்டரிகளிலிருந்து உலோகங்களை மீட்டெடுத்தனர். 2021 ஜூலை முதல் மின்னணுக் கழிவைத் திரட்டும் பொறுப்பு உற்பத்தியாளர்மீது சட்டப்படி சுமத்தப்பட்டது. கருவி மாறியபின் அதைக் காக்கும் முறையும் மாறுதல் வேண்டும். ஓர் அறிவுரை எக்கலத்திற்குப் பிறந்தது என வினவும் பழக்கத்தை மாணவர் மேற்கொள்வாராக!