அழையாத விருந்தாளிகள் வளர்த்த நாடக விழா

கல்லூரி நாடகம் என்றாலே நம்மில் பலருக்கு ஒட்டுத்தாடியும், பாதியில் மக்கர் பண்ணும் மைக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். "பசங்க ஏதோ ஆசைக்குப் போடறாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அப்படிச் சிரிப்பவர்களுக்கு எடின்பரோ நகரத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் சர்வதேசக் கலை விழா தொடங்கியது. பெயர்பெற்ற இசைக் குழுக்களும் நாடகக் குழுக்களும் முறைப்படி அழைக்கப்பட்டிருந்தன. அழைப்பே இல்லாமல் 8 குழுக்கள் தாமாகவே வந்து நாடகம் போட்டன. பெரிய அரங்குகள் அவர்களுக்கு ஏது? கிடைத்த இடத்தில் போட்டார்கள். ஒரு நாடகம் ஃபோர்த் முகத்துவாரத்துக்கு அக்கரையில், டன்ஃபர்ம்லின் தேவாலயத்தில் நடந்தது. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதும்போது ‘ஃபிரிஞ்ச்’ என்ற சொல்லைப் போட்டார். துணியின் ஓரத்துக் குஞ்சம் மாதிரி, விழாவின் விளிம்பு என்று பொருள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

பொறியாளனான எனக்கு இதில் பிடித்தது மேடைக்குப் பின்னால் நடந்த வேலைதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே தூங்குவது? என்ன சாப்பிடுவது? டிக்கெட் யார் விற்பது? இதையெல்லாம் கவனிக்க அப்போது ஒரு நிர்வாகமும் கிடையாது. 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் களத்தில் இறங்கினார்கள். ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஒரு மையம் திறந்து, நடிக்க வந்தவர்களுக்கு மலிவுச் சாப்பாடும் ராத்தங்கலும் ஏற்பாடு செய்தார்கள். 1955-இல் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் விற்றுப் பார்த்ததும் மாணவர்களே. அதில் நஷ்டம்தான். சில குழுக்கள் சேராமல் போனதே காரணம் என்றார்கள். ஆனால் முயற்சி வீண் போகவில்லை. 1950-களின் இறுதியில் ஃபிரிஞ்ச் சங்கம் உருவானது. நிகழ்ச்சி நிரல், டிக்கெட், தகவல் எல்லாம் சங்கம் பார்க்கும். ஆனால் யார் வரலாம், எந்த நாடகம் போடலாம் என்று மட்டும் சங்கம் சொல்லாது. இன்றுவரை அதுதான் விதி.

அந்த விதியால் என்ன லாபம் என்று கேட்கலாம். 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று, அப்போது பெரிதாக அறியப்படாத டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிராண்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்’ நாடகத்தை அங்கே போட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் ஓரமாக வந்துபோகும் இருவரே இதில் நாயகர்கள். மறு ஆண்டே லண்டனில் நேஷனல் தியேட்டர் அதை மேடையேற்றியது. ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து "இது யாருக்குப் புரியும்?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2019-இல் ஃபிரிஞ்சில் 3,800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. விழா பெருத்ததும் வாடகையும் பெருத்தது. விழாக் காலத்தில் தங்க இடம் பிடிப்பதே இளம் குழுக்களுக்குப் பெரும்பாடு என்ற குறை அங்கே பலமாகக் கேட்கிறது. 1951-இல் மாணவர்கள் போட்டுக் கொடுத்த படுக்கையின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

நம் சங்கத்தில் ஒரு யோசனை அடிபடுகிறது. கல்லூரி நாடக விழாவை இனி வெளியாட்களிடம் ஒப்படைத்துவிடலாம், மாணவர்கள் வந்து பார்த்தால் போதும் என்கிறார்கள் சிலர். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. முன்னாள் மாணவர்களாகிய நாம் சாப்பாட்டுக்கும் லைட்டுக்கும் மைக்குக்கும் பணம் கொடுப்போம். எந்த நாடகம், யார் நடிப்பது, டிக்கெட் எப்படி விற்பது என்பதெல்லாம் மாணவர்கள் பாடு. தம்பி தங்கைகளே, முதல் வருஷம் நஷ்டம் வந்தாலும் கவலைப்படாதீர்கள். எடின்பரோவிலும் முதலில் நஷ்டம்தான்!