தோளில் விழும் உதை

சிவகாசி ராக்கெட்டைக் கொளுத்தினால் நெருப்பு கீழே சீறும். ராக்கெட் மேலே பாயும். துப்பாக்கியிலும் அதே கணக்குதான். குண்டு முன்னால் போனால், துப்பாக்கி பின்னால் வந்தாக வேண்டும். ராக்கெட்டுக்கு வானம் இருக்கிறது. துப்பாக்கிக்கு? நம் தோள்தான்!

1799-ல் பாஞ்சாலங்குறிச்சி மீது படையெடுத்த கம்பெனி சிப்பாய்களின் 'பிரௌன் பெஸ்' துப்பாக்கி சுமார் நாலரை கிலோ. குண்டு ஏறக்குறைய 30 கிராம். தோளில் பதியும் மரக்கட்டையின் முனையில் பித்தளைத் தகடு. அது காப்பாற்றியது மரத்தை, தோளை அல்ல! உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டால் குறி என்ன ஆகும்?

அந்தப் போரில் தப்பிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். அதே அரச குடும்பத்தில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 'டிராப்' ஷாட்கன் போட்டியில் சுட்டார். தகுதிச் சுற்றில் பறக்கும் தட்டுகள் மொத்தம் 125. தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். தோள் என்னத்துக்கு ஆகும்?

அதனால்தான் இன்றைய போட்டித் துப்பாக்கிக் கட்டைகளில் ரப்பர் மெத்தை. கை நீளத்துக்கும் கன்ன உயரத்துக்கும் தக்கபடி திருகி மாற்றும் வசதி வேறு! உதை குறைந்துவிடுவதில்லை, ஒரே இடத்தில் 'படார்' என்று விழாமல், பரவலாக, சற்று நிதானமாக விழுகிறது. நியூட்டனை ஏமாற்ற முடியாது... சமாதானம் பேசலாம்!